ஹாப்ஸ் கொடி ஏற்காட்டு அடிவாரத்தில் பூக்குமா?

கேள்வி: எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ஏற்காடு அடிவாரத்தில் இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். பாகல், புடலை பந்தல் போட்டு உழவர் சந்தைக்குக் கொண்டு போகிறோம். மூத்த பையன் ஏழு வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அங்கே வீட்டிலேயே பீர் தயாரிக்கப் பழகியிருக்கிறான். ஒரே ரக ஹாப்ஸ் பூவைப் போட்டுச் செய்வதுதான் அவனுக்குப் பிடித்தமாம். "அந்தக் கொடியை நம்ம தோட்டத்துலயே போடலாம்ப்பா, ஏற்காட்டுக் குளிருக்கு நல்லா வரும்" என்கிறான். ஒருவர் வேர்த்துண்டு கொடுத்து, விளைந்த பூவைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். ஒரு துண்டு 350 ரூபாய், ஏக்கருக்கு 890 துண்டு. பாதிப் பணத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைக்க அவன் அம்மா சம்மதித்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பையன் ஆசையைக் கெடுக்கவும் தோன்றவில்லை. ஹாப்ஸ் இங்கே வருமா?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: கொடி வரும். பணம் போட்டவருக்கு லாபம் வரும் அளவுக்குப் பூ வராது. நகையை அடகு வைக்க வேண்டாம். காரணத்தைப் பையனுக்கும் புரியும்படி சொல்லவேண்டும் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

ஹாப்ஸ் என்பது பல ஆண்டுகள் வாழும் கொடி. மேலே உள்ள கொடி ஒவ்வொரு குளிர்காலத்திலும் காய்ந்துவிடும். வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்து அடுத்த வசந்தத்தில் மறுபடியும் துளிர்க்கும். ஒருமுறை நட்டால் 15, 20 ஆண்டுகள் பலன் எடுப்பார்கள். பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்துக்குத்தான் விலை. அதனால் விதை போடாமல், கோவைக்காய்க்குப் பெண் கொடியின் தண்டை வெட்டி நடுவது போல, பெண் செடியின் வேர்த்துண்டையே நடுகிறார்கள். பூங்கொத்து விரல்நுனி அளவில், செதில் செதிலாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் செதில்களின் அடியில் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான தூள் தெரியும். கசப்பும் வாசனையும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம் என்று எங்கோ படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஹாப்ஸில் அந்தப் போதைப் பொருள் கிடையாது. வளர்ப்பதற்குத் தடையும் இல்லை.

பையன் சொல்லும் ஒரே ரக பீர் வேறொன்றுமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றை வடித்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். கொதிக்கும்போது ஹாப்ஸ் பூவை இரண்டு மூன்று தடவையாகப் போடுவார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து நுரைக்க விடுவார்கள். முதலில் போடும் பூவில் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கடைசியில் போடும் பூ வாசனை தரும், கசப்பு குறைவு. ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் முதலில் போட்டு, கொத்தமல்லித் தழையை இறக்கும்போது போடுவதற்கும் இதுதான் காரணம். பூவின் கசப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. சாற்றைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களை அது வளர விடாது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பீரில் ஹாப்ஸை அதிகமாகப் போட்டு அனுப்பியது இதனால்தான்.

வியாபாரிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ரகப் பூக்களைக் கலப்பார்கள். ஒரே ரகத்தை மட்டும் போட்டால் அந்த ரகத்தின் குணம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எல்லா மாம்பழத்தையும் கலந்து பிழிந்த சாற்றில் இனிப்புதான் தெரியும். மல்கோவாவைத் தனியாக அறுத்துத் தின்றால்தான் அது மல்கோவா. ஹாப்ஸிலும் அப்படியே: செக் நாட்டின் சாட்ஸ் மென்மையானது, மூலிகை வாசம். அமெரிக்காவின் கேஸ்கேட் கிச்சிலித் தோல் வாசம். சிட்ராவில் வெப்பமண்டலப் பழவாசம், கசப்பும் அதிகம்.

கேஸ்கேட் ரகத்தின் கதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரசு ஆராய்ச்சியாளர்கள் 1956-இல் எடுத்த விதையிலிருந்து வந்த ரகம் அது. சோதித்துச் சோதித்து 1972-இல்தான் வெளியிட்டார்கள். நடுவில் 16 ஆண்டுகள்.  1975-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் என்ற சிறிய ஆலை அதை மட்டும் தாராளமாகப் போட்டு ஒரு பீர் செய்த பிறகுதான் அந்த வாசனைக்கென்று ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு நாட்டில் ஒரு ரகம் நிலைபெற இவ்வளவு காலம் பிடிக்கிறது. வேர்த்துண்டு விற்பவர் மூன்றாம் ஆண்டில் முழு மகசூல் என்று எழுதிக் கொடுக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். ஏற்காடு குளிரும் என்று பையன் சொல்வதில் தப்பில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆனால் ஹாப்ஸ் கேட்பது குளிரைவிட வெளிச்சத்தை. உலகத்தில் ஹாப்ஸ் செழிக்கும் இடங்கள் பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு 46 டிகிரி, ஜெர்மனியின் ஹல்லர்டாவ் 48 டிகிரி. அங்கே ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்த நீண்ட பகலில் கொடி பூவை நினைக்காமல் 18 அடிக்கு மேல் ஏறும், பக்கக் கிளை விடும். ஜூன் கடந்து பகல் குறையத் தொடங்கியதும் எல்லாக் கிளையிலும் ஒரே சமயத்தில் பூக்கும். மகசூல் அதிலிருந்து வருகிறது.

சேலம் இருப்பது 11 டிகிரி சொச்சத்தில். இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 45 நிமிடம். நட்ட கொடிக்கு முதல் நாளிலிருந்தே பகல் குறுகிவிட்டது என்றுதான் படும். சில கணு விட்டதும், ஆள் உயரம்கூட ஏறாமல், அவசரமாக நாலு பூ பூத்துவிட்டு நின்றுவிடும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு உச்சிக்குப் போனால் வெப்பம் குறையும், பகல் ஒரு நிமிடம்கூட நீளாது. ஊட்டிக்குப் போனாலும் இதே கணக்கு.

பையன் படித்தவர் என்பதால் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருப்பார். குளிர்கால உறக்கம் இல்லாமல் ஹாப்ஸ் பூக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது கட்டாயம் இல்லை என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2019-இல் காட்டியது. பிரேசிலில் சில பண்ணைகள் சூரியன் மறைந்த பிறகு விளக்கெரித்துப் பகலை நீட்டி ஹாப்ஸ் விளைவிக்கின்றன. இரண்டும் உண்மை. ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி போடுகிறவர்களும் இதே வழியில்தான் விளக்கு போட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆக, சேலத்தில் ஹாப்ஸ் முடியவே முடியாத காரியம் இல்லை. விளக்கும், கம்பியும், 18 அடிக் கம்பமும், தனி மின் இணைப்பும் சேர்ந்தால் ஒரு சோதனைத் தோட்டம் வரும். பம்ப்செட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் இந்த விளக்கை எரிக்கக் கூடாது. இந்தச் செலவு எதுவும் விற்பவர் கொடுத்த தாளில் இருக்காது.

செடிக் கணக்கு சரிதான். 7 அடிக்கு 7 அடி என்றால் ஏக்கருக்கு 890 செடி. வேருக்கு மட்டும் 3,11,500 ரூபாய். கையில் இருக்கும் பாகல் பந்தல் ஆறடி உயரம், அதை ஹாப்ஸுக்குப் பயன்படுத்த முடியாது. 18 அடிக் கம்பம் நட்டு, கோடைக்காற்றில் சாயாமல் இழுத்துக்கட்ட வேண்டும். பூவைப் பறித்தவுடன் அதில் 75 முதல் 80 சதவீதம் ஈரம். சில மணி நேரத்துக்குள் உலர்த்தியில் போட்டு 10 சதவீதம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு காற்றுப் புகாமல் அழுத்திக் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் வாசனை போய்விடும். சந்தையில் விலை இல்லை என்றால் பாகற்காயை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம், சாம்பாரில் போடலாம். ஹாப்ஸை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள முடியாது. வாங்க ஒரே ஆள்தான். அவரேதான் வேரும் விற்றவர்.

இந்த வட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. ஈமு கோழி வளர்த்தால் முட்டையையும் குஞ்சையும் தாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சொன்னவர்கள் 2012-இல் கதவைப் பூட்டிவிட்டுப் போனபோது, கொங்கு நாட்டிலும் சேலத்திலும் எத்தனை குடும்பங்கள் கம்பிவேலிக்குள் பறவையை வைத்துக்கொண்டு நின்றன என்பது வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஹாப்ஸ்காரரிடம் கேட்க வேண்டியது சுலபம். சேலத்திலோ நாமக்கல்லிலோ அவரிடம் வேர் வாங்கி இரண்டு பருவம் பூ விற்ற ஒரு தோட்டத்தைக் காட்டட்டும். பூவை எந்த ஆலைக்கு விற்றார் என்ற பில்லைக் காட்டட்டும். நாற்றங்கால் உரிமம் எங்கே, வேர் எந்த நாட்டிலிருந்து வந்தது, தாவரத் தொற்றுத் தடுப்பு அனுமதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. ஹாப்ஸைக் குட்டையாக்கும் ஒரு வைராய்டு நோய்க்கிருமி எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை இனங்களையும் தாக்கும். மேலே ஏற்காட்டில் ஆரஞ்சு இருக்கிறது. பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த வேரை அடிவாரத்தில் நடுவது பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கேடு.

இந்தியாவில் ஹாப்ஸ் விளைந்த இடம் இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரில் முயன்றார்கள். 1970-களிலிருந்து இமாச்சலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் விவசாயிகள் பயிரிட்டார்கள். அது 32 டிகிரிக்கு மேல், கோடையில் 14 மணி நேரப் பகல், கடும் பனிக்காலம். செடிக்கு எல்லாமே பொருத்தம். அப்படியிருந்தும் வெளிநாட்டுப் பூ மலிவாக வந்து இறங்கியதும் ஆலைகள் அங்கே வாங்குவதைக் குறைத்தன. பலர் பட்டாணிக்கும் காலிபிளவருக்கும் மாறிவிட்டார்கள். தட்பவெப்பம் சாதகமாக இருந்த லாஹுல்காரருக்கே இந்தக் கதி. ஒரு கணக்கும் உண்டு: வீட்டில் 20 லிட்டர் பீர் செய்கிறவருக்கு 50 முதல் 100 கிராம் பூ போதும். தேவைப்படும் அளவே அவ்வளவுதான்.

இனி, கேள்வியில் அப்பா கேட்காமல் விட்ட விஷயம். பையன் அஸ்தம்பட்டி வீட்டில் பீர் செய்கிறாரா? செய்தால் உடனே நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு உபயோகத்துக்கு பீர் செய்ய வழி விட்டது. அங்கே அது தோட்டம் போடுவது போல ஒரு பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பீர் சாராயம் போல வடித்து எடுப்பதில்லை, விற்கவும் இல்லை, 20 லிட்டர்தான் என்ற சமாதானம் எதுவும் செல்லாது. தயாரிக்கும் பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதே வழக்குக்குப் போதும். தெரிந்தே இடம் கொடுத்தால் வீட்டுக்காரரும் பொறுப்பாவார்.

அந்தச் சட்டம் 1937-ஆம் ஆண்டின் சட்டம். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைய சேலத்துக்குள் அடக்கம். அவர் வக்கீல் தொழில் பார்த்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் இதே சேலத்தில். அதன்பிறகு கடை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது என்று எத்தனையோ மாறிவிட்டன. சட்டத்தின் பெயரில் அந்த 1937 மட்டும் அப்படியே நிற்கிறது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தண்டனையை இன்னும் கடுமையாக்கித் திருத்தம் வந்தது. வீட்டு பீரில் அந்த விஷத்துக்கு வாய்ப்பில்லை என்பதைப் பையன் சரியாகவே சொல்வார். காவல் நிலையத்தில் அந்த வேறுபாட்டைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பையனின் கைப்பழக்கம் வீணாக வேண்டியதில்லை. பீரின் பாதி வேலை தானியத்தை முளைகட்டிப் பக்குவப்படுத்துவது. அதே வேலையைக் கேழ்வரகில் செய்தால் சட்டமும் குறுக்கே வராது, வாங்க ஆளும் உண்டு. இரவு முழுக்க ஊறிய ராகியை ஈரத்துணியில் கட்டி, ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து எடுத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் முளையில் ஊறிய நொதி செத்துவிடும். பீர் செய்த கைக்கு அந்த நுணுக்கம் தெரியும். நொதி உயிரோடு இருக்கும் மாவு கஞ்சியை இளக்கிவிடும், அதனால் அதிக மாவு போட்டும் குழந்தை விழுங்கும்படி கஞ்சி வைக்கலாம். கடையில் விற்கும் பல ராகி மால்ட்டில் சர்க்கரை இருக்கிறது, இந்தப் பக்குவம் இல்லை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மதிப்புக்கூட்டல் பயிற்சி பற்றிக் கேட்கலாம். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும்.

கொடிதான் வேண்டும் என்றால் ஏற்காட்டு அடிவாரத்துக்கு மிளகு இருக்கிறது. நிழல் மரமும் ஈரமும் உள்ள இடமா என்பதை ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொண்டு நடலாம். பாகல் பந்தலைப் பிரிக்க வேண்டாம்.

ஹாப்ஸ் ஆசை தீரவில்லை என்றால், உரிமம் பெற்ற நாற்றங்காலில் கிடைத்தால் இரண்டே செடி வாங்கி மாடியில் பெரிய தொட்டியில் வைக்கட்டும். ஒன்றுக்குச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை விளக்கு, இன்னொன்றுக்கு வெறும் சேலத்து வெயில். எந்தச் செடி எத்தனை அடியில் பூத்தது என்று எழுதி வைத்து இந்த இதழுக்கு அனுப்பினால் மற்றவர்களுக்கும் உதவும். அதற்கு 1,55,750 ரூபாய் முன்பணம் தேவைப்படாது.

கேள்வி: தென்னையில் நீரா இறக்கினால் கள் இறக்கியதாகப் பிடிப்பார்களா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
— ஒரு வாசகி, பரமத்தி வேலூர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: பாளையிலிருந்து சொட்டும்போது இரண்டும் ஒன்றுதான். காற்றில் இருக்கும் ஈஸ்ட் விழுந்த சில மணி நேரத்தில் நீரா கள்ளாகிவிடும். மேலே சொன்ன பீருக்கு இரண்டு வாரம் ஆகிற வேலையைத் தென்னை மதியத்துக்குள் முடித்துவிடும். பனையில் பானைக்குள் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தால் அது பதநீர். தென்னை நீராவுக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் குளிர்ந்த நிலையிலேயே சேகரிக்கும் முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. விலக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் நீங்கவில்லை. நீராவுக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. அனுமதி தென்னை உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகப் போகிறது, தனி ஆள் தன் மரத்தில் தன் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஆகவே முதலில் உங்கள் பகுதியில் அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா, அதன் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து உறுப்பினராகச் சேருங்கள். எந்தெந்த மரத்தில் இறக்க அனுமதி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பாளையைக் கட்டுங்கள். இறக்கியதைக் குளிரூட்டாமல் திண்ணையில் வைத்துவிட்டால், அனுமதித் தாள் கையில் இருந்தாலும் குடத்தில் இருப்பது கள்தான்.